கோல மாவுக்கு எறும்பு வருமா? ஒரே கேள்வியை வைத்து ஒரு வாரம் வகுப்பு நடத்துவது எப்படி

அரையாண்டு விடுமுறை முடிந்து வந்த முதல் வாரம், மார்கழி இன்னும் முடியவில்லை. வாசலில் போடும் கோலங்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது என் வகுப்பில் ஒரு சண்டை. "எறும்பு சாப்பிடத்தான் கோலம் போடுறோம்னு எங்க ஆயா சொல்லுச்சு" என்றாள் ஒருத்தி. பக்கத்தில் இருந்தவன் விடவில்லை. "பொய். எங்க வீட்டுக் கோலத்துக்கு ஒரு எறும்புகூட வராது." வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் நான் என்ன செய்வேன் என்றால், அரிசி மாவில் போட்டால் வரும்பா, இப்போ எல்லாரும் கல் மாவில் போடுறாங்க, சரி, புத்தகத்தை எடுங்க என்று பதினைந்து விநாடியில் கதையை முடித்துவிடுவேன். அன்றைக்கு என்னவோ வாயை மூடிக்கொண்டு, "அப்படியா? எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று மட்டும் கேட்டேன். அந்தச் சண்டை ஐந்து நாள் ஓடியது. தமிழ், கணக்கு, சூழ்நிலையியல் மூன்றும் அதற்குள்ளேயே நடந்தன.

இதற்குத் தேடல் வழிக் கற்றல், விசாரணை முறைக் கற்றல் என்று பயிற்சிகளில் பல பெயர் சொல்வார்கள். விசாரணை என்றாலே எனக்குப் போலீஸ் ஸ்டேஷன்தான் நினைவுக்கு வரும், அதனால் என் பாடக்குறிப்பில் "கேள்வி வாரம்" என்றே எழுதுகிறேன். இது ஏதோ ஏசி போட்ட இன்டர்நேஷனல் ஸ்கூல் சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று: 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 கிராமத்து நடுநிலைப் பள்ளிகளில், செய்து பார்த்துக் கற்கும் அறிவியல் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். அது 2002 வரை நடந்தது. அதில் சவாலிராம் என்று ஒரு கற்பனை ஆள் உண்டு, பிள்ளைகள் மனதில் தோன்றும் எந்தக் கேள்வியையும் அவருக்குக் கடிதமாக எழுதிப் போடலாம். என் வகுப்பில் இருக்கும் கேள்விப் பெட்டி அந்த சவாலிராமைப் பார்த்து வைத்ததுதான். பழைய செருப்பு டப்பா, மேலே ஒரு கீறல், அவ்வளவுதான். எழுதத் தெரியாத பிள்ளை வந்து சொன்னால் நானே எழுதிப் போடுவேன், ஆனால் அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே. "பல்லி ஏன் செவுத்துல ஒட்டிக்கிது" என்று சொன்னதை "பல்லி சுவரில் எவ்வாறு ஒட்டிக்கொள்கிறது" என்று நான் திருத்திவிட்டால் அது என் கேள்வி ஆகிவிடும், அப்புறம் அந்தப் பிள்ளைக்கு அதில் என்ன அக்கறை இருக்கும்?

பெட்டியில் விழும் எல்லாக் கேள்வியும் ஒரு வாரம் தாங்காது. முதல் ஆண்டு நான் இதில்தான் வழுக்கி விழுந்தேன். வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்று ஒரு பிள்ளை கேட்டதும் ஆசையாக எடுத்துக்கொண்டேன், செவ்வாய்க்கிழமையே கையில் சரக்கு தீர்ந்துபோய் நானே விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டேன். நல்ல கேள்விதான், ஆனால் ஏழு வயதுப் பிள்ளை தன் கையாலும் கண்ணாலும் அதைச் சோதிக்க முடியாது. இப்போது மூன்று விஷயம் பார்க்கிறேன். பதிலைப் பள்ளிக் காம்பவுண்டுக்குள்ளேயே தேட முடியுமா? வகுப்பில் குறைந்தது இரண்டு கட்சி இருக்கிறதா? எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னால் தேடுவதற்கு ஒன்றுமில்லை. மூன்றாவது, செலவு இருபது ரூபாய்க்குள் அடங்குமா, ஏனென்றால் அது நம் பர்ஸிலிருந்துதான் போகப் போகிறது. கோல மாவுக் கேள்வி மூன்றிலும் தேறியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே பாதி வேலையை முடித்துவிடுங்கள். ஒரு டம்ளர் அரிசி மாவு வீட்டிலிருந்து, கடையில் ஒரு பாக்கெட் கல் கோல மாவு, கொஞ்சம் சர்க்கரை, பழைய தினசரி காலண்டர் தாள், ஒரு ஜாண் நூல் துண்டுகள் ஜோடிக்கு ஒன்று, எண்ணுவதற்குப் புளியங்கொட்டை, மூன்று காலி டம்ளர், மூடியுள்ள கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றிரண்டு. இதைவிட முக்கியம், நீங்களே ஒரு சுற்று நடந்து எறும்பு எங்கே ஊர்கிறது என்று பார்த்து வைப்பது. எங்கள் பள்ளியில் காலை உணவு பரிமாறும் வராண்டா ஓரம்தான் எறும்புக்குத் தலைநகரம், உப்புமா சிந்தாத நாளே கிடையாது. பிள்ளையார் எறும்பு ஊரும் இடமாகத் தேர்ந்தெடுங்கள், அது கடிக்காது. மாமரத்தில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டியிருக்கும் முசுறு பக்கமே போக வேண்டாம், சிவப்பாக இருக்கும் எதன் புற்றுப் பக்கமும் வேண்டாம். மார்கழிப் பனிக்கு எங்கள் ஊரில் எட்டு மணிக்கெல்லாம் எறும்பு தலைகாட்டாது, பத்து மணிக்கு மேல்தான். கோடையில் தலைகீழ், பத்தரைக்குள் முடித்துவிட வேண்டும்.

திங்கள். கேள்வியைப் பிள்ளைகள் சொன்ன வார்த்தையிலேயே கரும்பலகையில் பெரிதாக எழுதுங்கள், வாரம் முழுக்க அதை அழிக்கக் கூடாது. மூன்று டம்ளரை வரிசையாக வையுங்கள்: வரும், வராது, தெரியாது. ஒவ்வொரு பிள்ளையும் வந்து ஒரு புளியங்கொட்டையைப் போட வேண்டும். "தெரியாது" டம்ளரை மறந்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் பாதிப் பிள்ளைகள் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத்தான் போடுவார்கள். என் வகுப்பில் அன்று வந்த 26 பேரில் 14 பேர் வரும், 9 பேர் வராது, 3 பேர் தெரியாது. எண்ணி, நேர்க்கோட்டுக் குறி போட்டு, கூட்டிப் பார்த்ததிலேயே அன்றைய கணக்குப் பாடம் முடிந்தது. அப்புறம் ஒவ்வொரு கட்சியிடமும் "ஏன் அப்படி நினைக்கிற?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்.

இந்தச் சும்மா இருப்பதுதான் மொத்த வாரத்திலும் கஷ்டமான வேலை. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஒன்று கண்டுபிடித்தார்: கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் காத்திருப்பது சராசரியாக ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடியாக்கினாலே பிள்ளைகளின் பதில்கள் நீள்கின்றன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். மூன்று விநாடிதானே என்று தோன்றும். முயன்று பாருங்கள், வகுப்பில் மூன்று விநாடி மௌனம் மூன்று நிமிஷம் மாதிரி இருக்கும். நான் முதுகுக்குப் பின்னால் விரலை மடக்கி எண்ணுகிறேன். பின்பெஞ்சில் ஜூன் மாதத்திலிருந்து வாயே திறக்காத ஒரு பிள்ளை அன்றைக்குத்தான் "வெள்ளக் கலர்னாலே சோறுன்னு எறும்பு நினைக்குமா?" என்று கேட்டது. எனக்குத் தோன்றாத கோணம். அதையும் எழுதி ஒட்டினோம்.

வீட்டுப்பாடம் ஒரு வரிதான்: உங்கள் வீட்டில் எந்த மாவில் கோலம் போடுகிறார்கள், கேட்டு வா. மறுநாள் பார்த்தால் பெரும்பாலான வீட்டில் கல் மாவு. இரண்டு வீட்டில் வெள்ளிக்கிழமை மட்டும் அரிசி மாவு. ஒரு வீட்டில் வாசலிலேயே பெயின்ட்டில் அடித்து வைத்திருக்கிறார்கள். சண்டை ஏன் வந்தது என்று பிள்ளைகளுக்கே பாதி புரிந்துவிட்டது. நான் எதுவும் சொல்லவில்லை.

செவ்வாய் வெளியே. ஜோடி ஜோடியாக அனுப்பி, நூலைத் தரையில் வட்டமாகப் போடச் சொல்லுங்கள், அந்த வட்டத்துக்குள் நடப்பதை மட்டும் ஐந்து நிமிஷம் பார்க்க வேண்டும். வட்டம் இல்லாமல் "போய்ப் பாருங்க" என்றால் அது மைதானத்தில் ஓடிப்பிடித்து விளையாடும் பீரியடாக முடியும், அனுபவம். பார்த்துவிட்டு வந்து காலண்டர் தாளின் பின்பக்கம் எறும்பை வரையச் சொன்னால் முதல் படத்தில் எறும்புக்கு நாலு கால், பெரிய கண், சிலதுக்குச் சிரிப்புகூட இருக்கும். கார்ட்டூன் எறும்பு. தப்பு என்று சொல்லாதீர்கள், ஆறு கால் என்றும் சொல்லாதீர்கள். "எத்தனை கால்னு இன்னொரு தடவை பார்த்துட்டு வா" என்று திருப்பி அனுப்புங்கள். ஓடும் எறும்பின் காலை எண்ண முடியாது, அதற்குத்தான் அந்த டப்பா. ஒரு எறும்பை மெல்ல ஏற்றி, இரண்டு நிமிஷம் பார்த்து, எடுத்த இடத்திலேயே விட வேண்டும். லென்ஸ் இல்லையென்றால் போன் கேமராவின் மேல் ஒரு பொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள், சின்னது பெரிதாகத் தெரியும். அதிகம் ஊற்றிவிட்டு என்னைத் திட்டக் கூடாது. இரண்டாவது படத்தில் ஆறு காலும், உடம்பு மூன்று பகுதியாகவும் வந்துவிடும். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். பெற்றோர் வந்து பார்க்கும்போது அந்த இரண்டு தாளே பேசும்.

முடிந்தால் அன்றைக்கே இதையும் செய்யுங்கள்: எறும்பு வரிசையாகப் போகும் கோட்டின் குறுக்கே விரலால் ஒரு தடவை அழுத்தித் தேய்க்க வேண்டும், எறும்பு மேல் படாமல். வரிசை அந்த இடத்தில் வந்து தடுமாறும், சில எறும்பு திரும்பும், சில சுற்றும், கொஞ்ச நேரத்தில் மறுபடி கோடு சேர்ந்துவிடும். "வழி அழிஞ்சிடுச்சு டீச்சர்" என்றான் ஒருவன், கண்ணுக்குத் தெரியாத எதையோ எறும்பு மோப்பம் பிடித்துத்தான் போகிறது என்பதை அவன் பாஷையில் அவனே சொல்லிவிட்டான். நான் செய்ததெல்லாம், அந்த வாசனையை எறும்பு தன் உடம்பிலிருந்தே தரையில் வைத்துக்கொண்டு போகிறது என்ற ஒரு வரியைச் சேர்த்ததுதான். வாயைத் திறக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிள்ளை பார்த்து முடித்த பிறகு திறக்கலாம். அதே மாதிரி எறும்பு வெள்ளையாகத் தூக்கிக்கொண்டு போவதை எல்லாரும் முட்டை என்பார்கள், பெரும்பாலும் அது முட்டை இல்லை, புழுப் பருவத்தில் அல்லது கூட்டுப்புழுப் பருவத்தில் இருக்கும் குட்டி எறும்பு. அது அவர்களாகப் பார்த்துக் கண்டுபிடிக்கக் கூடியது இல்லை, அதனால் சொல்லிவிட்டேன்.

புதன்கிழமைதான் சோதனை, புதன்கிழமை சொதப்பும். சொதப்ப விடுங்கள். "மூணையும் வச்சுப் பார்க்கலாம்" என்று அவர்களே முடிவு செய்தார்கள், நான் தலையிடவில்லை. ஒருத்தி சர்க்கரையை ஒரு கைப்பிடி கொட்டினாள், அரிசி மாவு ஒரு சிட்டிகை, கல் மாவை எங்கோ வேப்பமர நிழலில் கொண்டுபோய் வைத்தார்கள். பத்தாவது நிமிஷம் பக்கத்து வீட்டுக் கோழி வந்து அரிசி மாவைக் கொத்திவிட்டுப் போய்விட்டது. வகுப்பே கத்தியது. உட்கார வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "ஓட்டப்பந்தயத்துல ஒருத்தனை மட்டும் முன்னாடி நிக்க வச்சா சரியா?" அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். ஒரே ஸ்பூன், தலை தட்டி ஒரு அளவு. ஒரே மாதிரி பூவரசு இலை. எறும்புக் கோட்டிலிருந்து மூன்றும் ஒரு ஜாண் தூரம், அதுவும் யார் ஜாண் என்று தகராறு வந்து கடைசியில் என் ஜாண் என்று முடிவானது. ஒரே நேரம். கோழியை விரட்ட ஒரு ஆள். மாறிகளைக் கட்டுப்படுத்துதல் என்று பி.எட்.டில் நாம் மனப்பாடம் செய்த சமாச்சாரம் முழுவதும் இதில் வந்துவிட்டது, பெயர்தான் இல்லை. ஏழு வயதில் பெயர் தேவையும் இல்லை. இந்த விதிகளை முதலிலேயே நான் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தால் வேலை அரை மணியில் முடிந்திருக்கும், ஆனால் அது என் சோதனையாக இருந்திருக்கும், அவர்கள் வெறும் சப்ளையர்கள்.

ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எண்ண வேண்டும், நாலு தடவை. எண்ணும்போது அடுத்த சண்டை. ஒரு எறும்பு கல் மாவு மேல் ஏறி இறங்கிப் போய்விட்டது, அது "வந்ததா" இல்லையா? ஒரு கட்சி வந்தது என்கிறது, இன்னொரு கட்சி "அது சும்மா வழியில போச்சு" என்கிறது. இந்தச் சண்டைக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் கொடுங்கள், சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வாரத்தில் நடந்த பெரிய பாடம் இதுதான். கடைசியில் அவர்களே ஒரு விதி போட்டார்கள்: நின்று வாய் வைத்தால் வந்தது, நிற்காமல் போனால் வரவில்லை. அந்தக் கணக்கில் இருபதாவது நிமிஷம் சர்க்கரையில் 41, அரிசி மாவில் 6, கல் மாவில் 0. உங்கள் பள்ளியில் வேறு எண் வரும், வரட்டும், இந்த எண்ணைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

வியாழன் உள்ளே உட்கார்ந்து செய்யும் வேலை. எண்களை அட்டவணையாக எழுதி, புளியங்கொட்டையை மேலே மேலே அடுக்கிப் பட்டை வரைபடம். 41 கொட்டை அடுக்கினால் தாளைத் தாண்டிப் போகும், அப்போது "பத்துக்கு ஒரு கொட்டை வச்சுக்கலாமா?" என்று யாராவது கேட்பார்கள், கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். ஆனால் அப்போது 6-ஐ எப்படிக் காட்டுவது? அதையும் அவர்களிடமே விட்டேன், ஒருவன் அரைக் கொட்டை என்றான். பரவாயில்லை, கிட்டே வந்துவிட்டான். கோலம் கையில் இருக்கும்போது புள்ளியை விடலாமா? ஐந்து புள்ளி நேர்ப்புள்ளி ஒன்று வரை வைத்தால் 1, 3, 5, 3, 1, மொத்தம் 13. அதே ஐந்து புள்ளி ஊடுபுள்ளி மூன்று வரை என்றால் 3, 4, 5, 4, 3, மொத்தம் 19. இரண்டையும் தரையில் சாக்பீஸால் வைத்து எண்ணச் சொல்லுங்கள், அப்புறம் ஏழு புள்ளிக்கு எத்தனை வரும் என்று வைக்காமலேயே சொல்லச் சொல்லுங்கள். நேர்ப்புள்ளி ஒன்று வரை என்றால் 25, ஊடுபுள்ளி நான்கு வரை என்றால் 37. ஆண் பிள்ளைகள் கோலம் போட வெட்கப்படுவார்கள் என்று பயந்தேன், எண் என்றதும் முன்னால் வந்து நின்றது அவர்கள்தான்.

தமிழுக்கு எறும்பே போதும். எறும்பு, குறும்பு, கரும்பு, இரும்பு, அரும்பு, துரும்பு, திரும்பு, விரும்பு. அவர்களாகச் சொல்லச் சொல்லி எழுதிவிட்டு, எதில் ற, எதில் ர என்று பிரிக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டில் மட்டும்தான் ற. வருஷம் முழுக்கக் கத்தினாலும் ஏறாத ர-ற குழப்பம் அந்த ஒரு பட்டியலில் கொஞ்சம் தெளிந்தது. ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில் வைத்துச் சமாளிப்பவர்களுக்கு, என் வகுப்பும் அப்படித்தான், தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் வந்ததிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தானே வேலை செய்கிறோம், அதையே இங்கேயும் வைத்துக்கொள்ளலாம். கேள்வி எல்லாருக்கும் ஒன்று, எழுதுவது மட்டும் வேறு. அரும்பு நிலைப் பிள்ளை படம் வரைந்து பெயர் எழுதினால் போதும், மொட்டு மூன்று வாக்கியம், மலர் நிலையில் இருப்பவர்கள் "நாங்கள் நினைத்தது, பார்த்தது, இன்னும் தெரியாதது" என்று ஒரு பக்கம்.

வெள்ளிக்கிழமை நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்ல வைத்தேன். அவர்கள் சும்மா விடமாட்டார்கள், "கல் மாவுல சர்க்கரை கலந்தா?" என்று மடக்குவார்கள். அப்புறம் திங்கள்கிழமை டம்ளர்களை எடுத்து, இப்போது யார் கொட்டையை மாற்ற விரும்புகிறீர்கள் என்று கேட்க வேண்டும். மாற்றியவனைப் பார்த்து யாராவது "தோத்துட்டான்" என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

போர்ஷன் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். தனியாக நேரம் ஒதுக்கினால் போர்ஷன் அடிபடும், நிச்சயம். நான் சூழ்நிலையியல் நேரத்தையும் கடைசி நாற்பது நிமிஷத்தையும்தான் எடுக்கிறேன், தமிழ், கணக்கு நேரத்தில் அந்த வாரத்துத் திறன் எதுவோ அதே திறன்தான், எடுத்துக்காட்டு மட்டும் எறும்பு. எல்லா வாரமும் இப்படி நடத்த முடியாது, மாதத்துக்கு ஒன்று போதும், தேர்வு மாதத்தில் அதுவும் வேண்டாம். வட்டாரக் கல்வி அலுவலர் வந்தால் காட்ட, ஒரு நோட்டில் ஒரு நாளைக்கு ஐந்து பிள்ளை வீதம் அவர்கள் சொன்ன ஒரு வாக்கியத்தைத் தேதியோடு எழுதி வையுங்கள். வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது பாடம் நடக்கும்போதே பிள்ளை எப்படிக் கற்கிறது என்று பார்ப்பதற்கு, மதிப்பெண் போடும்போதும் அந்த நோட்டுதான் கைகொடுக்கும். சார்ட்டில் ஜிகினா ஒட்டி அலங்காரம் செய்வதில் மட்டும் நேரத்தை விடாதீர்கள். நான் ஒரு வருஷம் விட்டேன், பிள்ளைகளுக்கு ஜிகினாதான் நினைவிருந்தது.

எறும்பு வேண்டாம் என்றால் வேறு கேள்விகள் இருக்கின்றன. மழைக்காலத்தில் மைதானத்துச் சிமென்ட் தரையில் தேங்கிய தண்ணீரைச் சுற்றிப் பத்து மணிக்கு, பன்னிரண்டுக்கு, மூன்றுக்கு என்று சாக்பீஸ் கோடு போட்டால் தண்ணீர் எங்கே போகிறது என்பது ஒரு வாரம் தாங்கும். பச்சைப்பயறு இருட்டில் முளைக்குமா என்பதும் நல்ல கேள்வி, முளைத்துவிடும், ஆனால் மஞ்சளாக நிற்கும், அதைப் பார்த்ததும் அடுத்த கேள்வி தானாக வரும். கொடிக்கம்பத்தின் நிழல் மதியம் எங்கே போனது என்பதற்கு வெயில் மட்டும் போதும், காசே வேண்டாம்.

எங்கள் கோல மாவுக் கதை வெள்ளிக்கிழமையோடு முடியவில்லை. புதன்கிழமை வைத்த இலைகளை யாரும் எடுக்கவில்லை. வியாழன் காலையில் பார்த்தால் ஆறு எறும்பு மட்டும் வந்த அந்த அரிசி மாவு இலை கிட்டத்தட்ட காலி. கல் மாவு அப்படியே இருந்தது. ராத்திரி எறும்பு வந்து எடுத்தது என்கிறது ஒரு கட்சி, இல்லை விடியற்காலை அணில் வந்தது என்கிறது இன்னொன்று, காற்று அடித்துப் போயிருக்கும் என்று மூன்றாவது. கல் மாவை மட்டும் காற்று ஏன் விட்டது என்று அவர்களுக்குள்ளேயே மடக்கிக்கொண்டார்கள். இலையைச் சுற்றி ஈர மண் பரப்பி வைத்தால் கால் தடம் தெரியும் என்று பின்பெஞ்சுப் பிள்ளைதான் சொன்னது. மண் சலிக்க ஜல்லடை யார் கொண்டுவருவது என்பது வரைக்கும் பேசி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள்.